வீட்டிலேயே கார் வேலை செய்பவருக்கு இம்பாக்ட் ரென்ச் தேவையா?

கேள்வி: 2014-ஆம் ஆண்டு வாங்கிய பெட்ரோல் ஹோண்டா சிட்டி கார் வைத்திருக்கிறேன். ஆயில் மாற்றுவது, பிரேக் பேட் மாற்றுவது, டயர்களை முன்னும் பின்னும் இடம் மாற்றுவது போன்ற வேலைகளை எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் விடுமுறை நாட்களில் நானே செய்துகொள்கிறேன். சென்ற மாதம் சக்கரத்தைக் கழற்ற முயன்றபோது இரண்டு வீல் நட்டுகள் அசைந்துகொடுக்கவே இல்லை. காருடன் வந்த ஸ்பேனரின் மேல் ஏறி நின்று பார்த்தேன்; அது வழுக்கி முழங்காலில் அடிபட்டதுதான் மிச்சம். கடைசியில் டயர் கடைக்காரரை அழைத்துவர வேண்டியதாயிற்று. 800 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை தரும் என்று விளம்பரம் செய்யப்படும் பேட்டரி இம்பாக்ட் ரென்ச் (தொடர் அடிகளால் நட்டைத் திருகும் கருவி) ஒன்று 7,500 ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதை வாங்கலாமா? நட்டுகளை இறுக்கவும் அதையே பயன்படுத்தலாமா? என்னிடம் இருக்கும் சாக்கெட் செட்டை அதில் மாட்டலாமா? அடுத்து முன்பக்க ஷாக் அப்சார்பர்களையும் நானே மாற்ற நினைக்கிறேன். — வாசகர், சேலம்.

பதில்: அன்புள்ள வாசகருக்கு வணக்கம். நீங்கள் இப்போது செய்துவரும் வேலைகளுக்கு மட்டும் என்றால் இம்பாக்ட் ரென்ச் தேவையில்லை. அந்தப் பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு நல்ல பிரேக்கர் பார் (நட்டைத் தளர்த்த உதவும் நீளமான கைப்பிடி) ஒன்றும் டார்க் ரென்ச் (குறித்த அளவுக்கு இறுக்க உதவும் ரென்ச்) ஒன்றும் வாங்குங்கள். ஷாக் அப்சார்பர் போன்ற அடிப்பாக வேலைகளில் உண்மையிலேயே இறங்கப்போகிறீர்கள் என்றால், அந்த இரண்டையும் வாங்கிய பிறகு மூன்றாவதாக இம்பாக்ட் ரென்ச்சைப் பற்றி யோசிக்கலாம். இந்த வரிசையை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு.

முதலில் உங்கள் நட்டுகள் ஏன் அசையவில்லை என்று பார்ப்போம். உங்கள் காரின் வீல் நட்டுகளை 108 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசையில் இறுக்க வேண்டும் என்று ஹோண்டா குறிப்பிடுகிறது. காருடன் வரும் ஸ்பேனரின் கை ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் நீளம் என்று வைத்துக்கொண்டால், அந்த அளவை எட்ட அதன் நுனியில் சுமார் 37 கிலோ எடையளவு அழுத்தம் கொடுத்தால் போதும். சராசரி உடல்வலு உள்ள யாராலும் இது முடியும், அதற்கென்றுதான் அந்த ஸ்பேனர் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. நீங்கள் ஏறி நின்றும் நட்டு நகரவில்லை என்றால், அது குறிப்பிட்ட அளவைவிட இரண்டு மடங்குக்கும் மேலாக இறுக்கப்பட்டிருக்கிறது, அல்லது மரையில் துரு ஏறிப் பிடித்திருக்கிறது, அல்லது இரண்டும் சேர்ந்திருக்கின்றன. ஆண்டுக்கு ஒரு முறையாவது சக்கரத்தைக் கழற்றும் உங்கள் காரில் துரு அவ்வளவு தூரம் போயிருக்க வாய்ப்பு குறைவு. கடைசியாகப் பஞ்சருக்கோ அலைன்மென்டுக்கோ போன இடத்தில் காற்றில் இயங்கும் கன்னை, அதாவது காற்றழுத்த இம்பாக்ட் ரென்ச்சை வைத்து, சத்தம் மாறிய பிறகும் டிரிக்கரை விடாமல் பிடித்திருந்திருப்பார்கள். டயர் கடைகளில் இருக்கும் கன்களில் பல 500 நியூட்டன் மீட்டருக்கு மேல் தரக்கூடியவை. அங்கே கூடுதலாகப் போகும் ஓரிரு விநாடிகளின் விளைவைத்தான் உங்கள் முழங்கால் அனுபவித்திருக்கிறது.

இப்படி அதிகமாக இறுக்குவதால் வரும் சிரமம் கழற்றும்போது மட்டும் வருவதன்று. வீல் ஸ்டட் என்பது நட்டு ஏறும், இழுபட்டு நிற்கும் ஓர் எஃகுத் தண்டு. நட்டை இறுக்கும்போது அது நுண்ணிய அளவில் நீள்கிறது, அந்த நீட்சி தரும் இழுவிசைதான் சக்கரத்தை ஹப்போடு (சக்கரம் பூட்டப்படும் சுழலும் நடுப்பகுதியோடு) அழுத்திப் பிடிக்கிறது. எல்லை மீறி நீண்டுவிட்ட ஸ்டட் பழைய நிலைக்குத் திரும்பாது, பிடிமானத்தை இழக்கும், பிறகு ஒரு நாள் உடையவும் கூடும். அலாய் வீலாக இருந்தால் நட்டு உட்காரும் குழி நசுங்கும். நான்கு நட்டுகளும் நான்கு விதமாக இறுகியிருந்தால் பின்னால் இருக்கும் பிரேக் டிஸ்க் சமச்சீரின்றி அழுத்தப்படுகிறது, நாளடைவில் பிரேக் பிடிக்கும்போது ஸ்டீயரிங் அதிர்வதற்கு இதுவும் ஒரு காரணமாகிறது. அந்த இரண்டு நட்டுகளையும் ஸ்டட்களையும் அடுத்த முறை கழற்றும்போது வெயில் வெளிச்சத்தில் பாருங்கள். மரை சிதைந்தோ, நட்டைக் கையால் திருகும்போது பாதியில் இறுகியோ காணப்பட்டால், அந்த ஸ்டட்டை மாற்றிவிடுவதே பாதுகாப்பு. அவை விலை குறைந்த பாகங்கள்தான்.

கழற்றும் சிக்கலுக்குப் பிரேக்கர் பார் போதுமா என்ற ஐயம் உங்களுக்கு வரலாம். கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். நட்டைத் தளர்த்த 250 நியூட்டன் மீட்டர் தேவைப்படுகிறது என்று கொள்வோம். 30 சென்டிமீட்டர் ஸ்பேனரில் அதற்கு 85 கிலோ எடையளவு அழுத்தம் வேண்டும். 75 சென்டிமீட்டர் பாரில் 34 கிலோ போதும். நின்ற நிலையில், முதுகை வளைக்காமல், உடல் எடையை மெல்லச் சாய்த்தாலே நட்டு தளர்ந்துவிடும். அரை அங்குலச் சதுர முனையுள்ள பாரும், அறுமுகமாக நட்டை முழுவதும் கவ்விப் பிடிக்கும் 19 மில்லிமீட்டர் ஆழமான சாக்கெட் ஒன்றும் வாங்குங்கள். நட்டின் மூலைகளை மட்டும் பிடிக்கும் பன்னிரு முனைச் சாக்கெட்டுகள் இறுகிய நட்டின் மூலையை மழுக்கிவிடும். சக்கரம் தரையில் இருக்கும்போதே, ஹேண்ட்பிரேக் போட்டு, நட்டைக் கால் சுற்று தளர்த்திவிட்டுப் பிறகுதான் ஜாக்கி ஏற்ற வேண்டும். காருடன் வந்த ஸ்பேனரில் இரும்புக் குழாயைச் செருகி நீளம் கூட்டும் வழக்கம் நம் ஊரில் பரவலாக இருக்கிறது. அந்த ஸ்பேனர் அவ்வளவு விசைக்குச் செய்யப்பட்டதன்று, குழாய் நழுவினால் கை போய் மட்கார்டில் மோதும். ஸ்பேனர் மேல் ஏறி நிற்பதையும் இனி முற்றிலும் விட்டுவிடுங்கள்.

பிரேக்கர் பாருக்கு மின்சாரம் வேண்டாம், சார்ஜ் வேண்டாம். டிக்கியில் ஸ்டெப்னியோடு கிடக்கும். உளுந்தூர்பேட்டைக்கு அருகில் இரவு 11 மணிக்கு டயர் பஞ்சரானால் உங்களுக்கும் உங்கள் வீட்டில் கார் ஓட்டும் மற்றவர்களுக்கும் உதவப்போவது அதுதான்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி, இறுக்குவதற்கு இம்பாக்ட் ரென்ச்சைப் பயன்படுத்தலாமா என்பது. இதற்கு என் பதில் கண்டிப்பாகக் கூடாது என்பதே, அது ஏன் என்பது அந்தக் கருவி வேலை செய்யும் விதத்திலேயே இருக்கிறது. உள்ளே மோட்டார் ஒரு கனமான சுத்தியல் பகுதியைச் சுழற்றுகிறது. நட்டு எதிர்ப்புக் காட்டாதவரை சுத்தியலும் சாக்கெட் மாட்டியிருக்கும் தண்டும் சேர்ந்தே சுற்றும். எதிர்ப்பு கூடியதும் சுத்தியல் ஒரு ஸ்பிரிங்கை அழுத்திக்கொண்டு பின்வாங்கி, வேகமெடுத்துத் திரும்ப வந்து தண்டின் காதுகளில் மோதுகிறது. நிமிடத்திற்கு 2,000, 3,000 முறை இந்த மோதல் நடக்கிறது. ஒவ்வொரு மோதலும் ஒரு நொடியின் சிறு பின்னமே நீடிப்பதால், நட்டில் பெரும் விசை இறங்கினாலும் உங்கள் மணிக்கட்டுக்கு அதன் எதிர்விசை அவ்வளவாகத் தெரிவதில்லை. துருப் பிடித்த மரையைத் தொடர் அதிர்ச்சியால் உலுக்கி விடுவிப்பதில் இதற்கு நிகராகக் கைக்கருவி எதுவும் கிடையாது. ஆனால் இதே காரணத்தால், எவ்வளவு இறுகியிருக்கிறது என்று உங்கள் கைக்கும் தெரியாது, கருவிக்கும் தெரியாது. பேட்டரி நிறைந்திருக்கிறதா குறைந்திருக்கிறதா, சாக்கெட் தளர்வாக இருக்கிறதா, நடுவில் எக்ஸ்டென்ஷன் மாட்டியிருக்கிறீர்களா, டிரிக்கரை ஒரு விநாடி பிடித்தீர்களா இரண்டு விநாடி பிடித்தீர்களா என்பதைப் பொறுத்து ஒரே கருவி ஒரே நட்டில் வெவ்வேறு இறுக்கத்தைத் தரும்.

விளம்பரத்தில் பார்த்த 800 என்ற எண்ணையும் இந்த இடத்திலேயே பேசிவிடலாம். பல நிறுவனங்கள் கழற்றும் திசைக்கு ஓர் எண்ணும் இறுக்கும் திசைக்கு வேறோர் எண்ணும் தருகின்றன. பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் இரண்டில் பெரியதாகிய கழற்றும் எண். எந்த முறையில், எந்த சாக்கெட்டோடு அளந்தார்கள் என்று பெயர் தெரியாத மலிவு விற்பனையாளர்கள் சொல்வதில்லை. மெல்லிய பேட்டரியும் ஒன்றரைக் கிலோ எடையும் கொண்ட ஒரு கருவியின் பெட்டியில் 800 என்று அச்சிட்டிருந்தால் அந்த எண்ணை நான் நம்பமாட்டேன், நீங்களும் நம்ப வேண்டாம். மேலும் 108-இல் இறுக்க வேண்டிய நட்டுக்கு 800 தேவையும் இல்லை.

ஆகவே நட்டை இறுக்குவதற்கு டார்க் ரென்ச் ஒன்றே வழி. குறித்த அளவை எட்டியதும் கிளிக் என்று சத்தமும் கையில் ஒரு சிறு விடுபடுதலும் தரும் வகை வீட்டு வேலைக்குப் பொருத்தமானது. அரை அங்குல முனையோடு 40 முதல் 200 நியூட்டன் மீட்டர் வரை அளவுள்ளதை வாங்கினால் வீல் நட்டுகளுக்கும் சஸ்பென்ஷன் போல்ட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கும் போதும். இதில் ஒரு குறையும் உண்டு. இத்தகைய ரென்ச்சுகள் அளவின் அடிமட்டத்தில் அவ்வளவு துல்லியமாக இருப்பதில்லை. உங்கள் காரின் ஆயில் டிரெயின் போல்ட் 40-ஐ ஒட்டிய அளவில் இறுக்கப்படுவது; பிரேக் காலிப்பர் பின் போல்ட்டுகளும் ஸ்பார்க் பிளக்குகளும் அதைவிடக் குறைவு. அந்த வேலைகளை நீங்கள் தொடர்ந்து செய்வதால், 3/8 அங்குல முனையுள்ள, 10 முதல் 60 வரை அளவிடும் சிறிய டார்க் ரென்ச் ஒன்றையும் பின்னர் வாங்கிக்கொள்வது நல்லது. அலுமினியத்தில் வெட்டப்பட்ட ஸ்பார்க் பிளக் மரையை ஒரு முறை கெடுத்துவிட்டால் ஆகும் செலவு, இந்த ரென்ச்சின் விலையைவிடப் பல மடங்கு இருக்கும்.

நட்டுகளை முதலில் விரலால் முழுவதும் ஏற்றுங்கள், பிறகு சிறு ஸ்பேனரால் சக்கரம் ஹப்பில் சமமாக உட்காரும் வரை எதிரெதிர் நட்டுகளாக மாற்றி மாற்றி இறுக்குங்கள், காரை இறக்கி டயர் தரையைத் தொட்டதும் டார்க் ரென்ச்சால் அதே வரிசையில் முடியுங்கள். கிளிக் சத்தம் கேட்டதும் நிறுத்திவிட வேண்டும். உறுதிக்காக இன்னும் இரண்டு முறை அழுத்துவது பலருக்கும் பழக்கமாக இருக்கிறது, அதனால் ஒவ்வொரு முறையும் நட்டு சிறிது கூடுதலாக இறுகும். ஸ்டட் மரையில் எண்ணெயோ கிரீஸோ தடவாதீர்கள். நட்டை இறுக்கச் செலவிடும் விசையில் பொதுவாகப் பத்தில் ஒன்பது பங்கு மரையிலும் நட்டின் முகத்திலும் உராய்வைச் சமாளிக்கவே போய்விடுகிறது. மீதம் இருக்கும் ஒரு பங்குதான் ஸ்டட்டை இழுக்கிறது. எண்ணெய் தடவி உராய்வைக் குறைத்துவிட்டால் ரென்ச் 108 என்று காட்டும்போதே ஸ்டட்டில் இருக்க வேண்டியதைவிட வெகுவாக அதிகமான இழுவிசை ஏறிவிடும். சக்கரத்தைப் பூட்டி 50, 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒரு முறை இறுக்கத்தைச் சரிபாருங்கள். டார்க் ரென்ச்சை ஒருபோதும் கழற்றப் பயன்படுத்த வேண்டாம்; வேலை முடிந்ததும் அளவைக் குறைந்தபட்ச எண்ணுக்குக் கொண்டுவந்து பெட்டியில் வையுங்கள், இல்லையேல் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தளர்ந்து அளவு பிசகும்.

உங்கள் கார் சம்பந்தமாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஹோண்டாவின் சொந்த வீல்களில் நட்டின் அடிமுகம் பந்து போல் வளைந்திருக்கும். வெளியே வாங்கிப் பூட்டும் அலாய் வீல்கள் பெரும்பாலும் கூம்பு முக நட்டுகளைக் கேட்பவை. முதல் வகை வீலில் இரண்டாம் வகை நட்டைப் போட்டால் மெல்லிய ஒரு வளையத்தில் மட்டுமே தொடும், எவ்வளவு சரியாக இறுக்கினாலும் தளர்ந்துகொண்டே இருக்கும். வீல் மாற்றியிருந்தால் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது இம்பாக்ட் ரென்ச் உண்மையாகவே பயன்படும் இடத்துக்கு வருகிறேன். முன்பக்க ஷாக் அப்சார்பரை மாற்றும்போது கார் ஸ்டாண்டுகளின் மேல் நிற்கும், சக்கரம் இருக்காது, நீங்கள் தரையில் உட்கார்ந்தபடி மட்கார்டுக்குள் கைவிட்டு வேலை செய்வீர்கள். ஷாக்கை நக்கிளோடு (ஹப்பைத் தாங்கும் பாகத்தோடு) இணைக்கும் இரண்டு பெரிய போல்ட்டுகளும் பத்தாண்டுச் சேற்றையும் மழைநீரையும் குடித்து இறுகியிருக்கும். அங்கே 75 சென்டிமீட்டர் பாரை முழுவதுமாகச் சுழற்ற இடமிருக்காது. அதைவிட முக்கியமாக, ஸ்டாண்டில் நிற்கும் காரை நீளமான பாரால் பலமாக இழுத்துத் தள்ளுவது ஆபத்தான செயல். அதிக எதிர்விசை இல்லாமல் நட்டை விடுவிக்கும் கருவி இங்கே உடல் உழைப்பை மிச்சப்படுத்துவதோடு பாதுகாப்பையும் கூட்டுகிறது. வளைவுகளில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பியை இணைக்கும் ஸ்டெபிலைசர் லிங்க்கின் நட்டும் அப்படித்தான்: நட்டோடு சேர்ந்து பால் ஜாயின்ட்டின் தண்டும் சுற்றிக்கொண்டே இருக்கும், ஒரு கையில் ஆலன் கீயும் மறு கையில் ஸ்பேனருமாகப் போராட வேண்டியிருக்கும். அதிரடியாகச் சுழலும் கருவியில் அது பெரும்பாலும் சில விநாடிகளில் வந்துவிடும். இவ்வகை வேலைகளை ஆண்டுக்கு இரண்டு மூன்று முறையாவது செய்யப்போகிறீர்கள், அல்லது பழைய கார் ஒன்றைப் படிப்படியாகப் புதுப்பிக்க நினைக்கிறீர்கள் என்றால், இம்பாக்ட் ரென்ச் வாங்குவதை நான் மனமாரப் பரிந்துரைப்பேன். ஒரே ஒரு முறை ஷாக் மாற்றுவதற்காக மட்டும் என்றால், தெரிந்த மெக்கானிக்கிடம் ஒரு நாள் இரவல் கேட்பதே மேல்.

ஷாக் வேலையில் ஒரு கட்டத்தை மட்டும் தயவுசெய்து வீட்டில் செய்யாதீர்கள். காயில் ஸ்பிரிங்கைச் சுருக்கிப் பழைய ஷாக்கிலிருந்து பிரிக்கும் கட்டம் அது. ஆளைக் கொல்லக்கூடிய விசை அந்தச் சுருங்கிய ஸ்பிரிங்கில் அடைபட்டிருக்கிறது. சந்தையில் கிடைக்கும் ஸ்பிரிங் கம்ப்ரஸரின் திருகுத் தண்டை இம்பாக்ட் ரென்ச்சால் வேகமாக ஓட்டினால் மரை சூடேறிப் பிடித்துவிடும், கொக்கி ஒரு பக்கம் நழுவவும் கூடும். நீங்கள் ஷாக்கை ஸ்பிரிங்கோடு முழுதாகக் கழற்றி, சுவரில் பொருத்தப்பட்ட கம்ப்ரஸர் உள்ள ஒர்க்ஷாப்பில் கொடுத்து ஸ்பிரிங்கைப் புதிய ஷாக்குக்கு மாற்றி வாங்கிவந்து பூட்டுங்கள். புதிய ஷாக்கின் மேல் நட்டையும் இம்பாக்டால் இறுக்கக் கூடாது. உள்ளே இருக்கும் தண்டு தறிகெட்டுச் சுழன்று சீல் கெட்டுவிடும். வேலை முடிந்ததும் அலைன்மென்ட் பார்ப்பது கட்டாயம்.

சிறிய போல்ட்டுகள் எதிலும் இந்தக் கருவியை வைக்காதீர்கள். பிரேக் பிளீடர் நிப்பிள், காலிப்பர் பின், சைலன்சர் ஸ்டட், ஆயில் டிரெயின் போல்ட் இவையெல்லாம் அடிக்கு உடைபவை அல்லது மரை போகிறவை. துருநீக்கித் திரவத்தை முந்தைய இரவே தெளித்து ஊறவிட்டு, கைக்கருவியால் சிறிது முன்னும் பின்னுமாக அசைத்து எடுப்பதே அவற்றுக்குரிய முறை.

வாங்குவதென்று முடிவெடுத்தால், இறுக்கும் திசையில் 300 முதல் 400 நியூட்டன் மீட்டர் வரை தரும், வேக நிலைகளை மாற்றக்கூடிய, பிரஷ் இல்லாத மோட்டார் கொண்ட, அரை அங்குல முனையுள்ள நடுத்தரக் கருவி உங்கள் காருக்குத் தாராளம். உங்கள் வீட்டில் ஏற்கெனவே நல்ல நிறுவனத்தின் 18 வோல்ட் டிரில் இருந்தால், அதே பேட்டரியில் இயங்கும் ரென்ச்சை பேட்டரி இல்லாமல் தனியாக வாங்கினால் செலவு கணிசமாகக் குறையும். சேலத்திலேயே சர்வீஸ் சென்டர் இருக்கிறதா என்று வாங்குவதற்கு முன் விசாரியுங்கள். லித்தியம் பேட்டரி பயன்படுத்தாமல் கிடந்தாலும் வயதாகும். ஆகவே ஆண்டுக்குச் சில முறை மட்டும், அதுவும் மின் இணைப்பு உள்ள இடத்தில் வேலை செய்பவருக்கு, வயரோடு 230 வோல்ட்டில் இயங்கும் ரென்ச் பல ஆண்டுகள் உழைக்கும் நல்ல தேர்வு. எடை சற்றுக் கூடுதலாக இருக்கும், எர்த் இணைப்பு சரியாக இருக்க வேண்டும். காரின் 12 வோல்ட் சாக்கெட்டில் செருகும் வகையை வாங்க வேண்டாம். அந்த ஃபியூஸ் அனுமதிக்கும் மின்சாரத்தில் இறுகிய நட்டு அசையாது. காற்றில் இயங்கும் கன்னுக்கு டாங்க் உள்ள பெரிய ஏர் கம்ப்ரஸர் வேண்டும், டயருக்குக் காற்றடிக்கும் சிறு பம்ப் அதற்கு ஈடாகாது.

உங்களிடம் இருக்கும் சாக்கெட் செட் பளபளப்பான குரோம் பூச்சுள்ளதாக இருந்தால் அதை இம்பாக்ட் ரென்ச்சில் மாட்டக் கூடாது. அவை கடினமாகப் பதப்படுத்தப்பட்ட குரோம் வனேடியம் எஃகால் ஆனவை; சீரான திருகலைத் தாங்கும், தொடர் அடியில் விரிசல் விட்டுச் சில்லுகளாகத் தெறிக்கும். குரோம் மாலிப்டினம் எஃகில், தடித்த சுவரோடு, கறுப்பு நிறத்தில் வரும் இம்பாக்ட் சாக்கெட்டுகள் தனியே கிடைக்கின்றன. 14, 17, 19 மில்லிமீட்டர் அளவுகள் இருந்தால் உங்கள் வேலையில் பெரும்பகுதி முடிந்துவிடும். அலாய் வீலின் நட்டுக் குழி குறுகலாக இருந்தால், சுவர் மெல்லிய, வெளியே பிளாஸ்டிக் உறை போட்ட வீல் நட்டு சாக்கெட்டைத் தேர்ந்தெடுங்கள். கண்ணாடியும் காதுறையும் இல்லாமல் இதை இயக்காதீர்கள். மூடிய கார் நிறுத்துமிடத்தில் இதன் ஒலி 100 டெசிபலைத் தொடும், மதிய நேரத்தில் மேல்மாடியில் தூங்கும் குழந்தைகளையும் முதியவர்களையும் எண்ணி நேரத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

இன்னும் ஒன்று உங்கள் கையில் இருக்கிறது. அடுத்த முறை டயர் கடைக்குப் போகும்போது, கழற்றுவதற்குக் கன்னைப் பயன்படுத்திக்கொள்ளட்டும், பூட்டும்போது கையால் ஏற்றி ஸ்பேனரால் மட்டும் இறுக்கினால் போதும் என்று வேலை தொடங்கும் முன்பே பணிவாகச் சொல்லிவிடுங்கள். முன்கூட்டிச் சொன்னால் பெரும்பாலான கடைக்காரர்கள் மறுப்பதில்லை. அவசரத்தில் அவர்கள் கன்னாலேயே பூட்டிவிட்டாலும் கவலையில்லை. அன்று மாலை வீட்டுக்கு வந்ததும், கார் தரையில் நிற்கும்போதே, ஒவ்வொரு நட்டாகப் பிரேக்கர் பாரால் அரைச் சுற்று தளர்த்தி, டார்க் ரென்ச்சால் 108-க்கு இறுக்கிவிடுங்கள். நான்கு சக்கரத்துக்கும் சேர்த்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது.